வயிற்றுக்குக் கொடுக்காத அவகாசம்

அரசு ஊழியர் ஒருவரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றினால், புதிய இடத்தில் சேர அவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். பணி விதிகளில் இதற்கு ஜாய்னிங் டைம் என்று பெயர். மூட்டை கட்டச் சில நாள், பயணத்துக்குச் சில நாள். மறுநாள் காலையே போய் நாற்காலியில் உட்கார் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. சொன்னால் சங்கத்துக்காரர்கள் வாசலில் நின்று கோஷம் போடுவார்கள். இந்த விதியை என் பணிக்காலம் முழுவதும் மற்றவர்களுக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் ஒரு நாள் குறைத்ததில்லை, கூட்டியதும் இல்லை. என் வயிற்றுக்கு மட்டும் அதைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிறந்ததிலிருந்து மீன், முட்டை, மோர் என்று பழகிய வயிறு அது. அதை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பயறு, கடலை, சக்கைக்குரு என்கிற பலாக்கொட்டை பிரிவுக்கு மாற்றினேன். அது கோஷம் போட்டது. போட்ட இடங்களும் நேரங்களும்தான் பிரச்சினை.

தொடங்கியது என் மனைவி. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு விஷயம் யாரிடமிருந்து புறப்பட்டது என்று முதலில் எழுதுவது பழக்கம். அவள் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீடு பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு பசு வளர்க்கிறார். அவரிடம்தான் எங்களுக்குப் பால். போன வருடம் அந்தப் பசு காளைக்கன்று போட்டது. காளைக்கன்றால் இன்றைக்கு யாருக்கும் உபயோகம் இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் பனச்சமூட்டிலிருந்து ஒரு வியாபாரி மினிலாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். பசு மதிலோரம் வந்து நின்று கத்தியது. மதிலுக்கு இந்தப் பக்கம் என் மனைவி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பசு அன்றும் கத்தியது, மறுநாளும் கத்தியது. அதற்கு அடுத்த நாள் பால் வந்தபோது அவள் தூக்குப்பாத்திரத்தை நீட்டவில்லை.

“டீச்சரே, பாலுல வெள்ளம் கூடிப்போச்சா?” என்று அவர் பதறிப்போனார்.

“பாலுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் தொண்டையில எறங்கல்ல.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். எனக்குக் கட்டன்சாயா வந்தது. அதையே குடித்தேன். பாலோடு சாயா வேண்டுமென்றால் ரயில்வே கேட் பக்கம் கடை இருக்கிறது.

சில வாரங்களில் லெந்து தொடங்கியது. எங்களைப் போன்ற பழைய மிஷன் சபைக் குடும்பங்களில் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை மீனும் இறைச்சியும் இல்லை. சிலர் முழுதாக விடுவார்கள். சிலர் வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுவிட்டு முழுதாக விட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஆகவே எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த மாற்றம் யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வழி நெடுக எல்லா வீடுகளிலிருந்தும் இறைச்சிக்கறி வாசனை. எங்கள் மேசையில் அப்பம் இருந்தது. பக்கத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய கடலைக்கறி.

“கறி எங்க?” என்று கேட்டேன்.

“இதுதான் கறி.”

“லெந்து முடிஞ்சாச்சு.”

“எனக்கு முடியல்ல. நான் இனி இங்ஙனெதான். உங்களுக்கு வேணும்னா மீன் வாங்கி வச்சுத் தாறேன். எனக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல.”

உண்மையிலேயே அவளுக்குச் சங்கடம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு எது பிடிக்குமோ அதுதான் இந்த வீட்டில் வெந்தது. அவளுக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. சாப்பாட்டில் அவள் தனக்கென்று எடுத்த முதல் முடிவு இது. ஒரே வீட்டில் இரண்டு சமையல் என்பது ஒரே அலுவலகத்தில் இரண்டு தபால் பிரிவு வைப்பது மாதிரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. “நானும் உன் கூடத்தான்” என்றேன். லெந்து முழுவதும் சமாளித்தவனுக்கு மீதி வருடம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். பத்திரிகைகளில் இதற்கு வீகன் என்று எழுதுகிறார்கள். அவளுக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஏதோ புதிய மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறதாம்.

லெந்து நாட்களில் கஞ்சியும் துவையலுமாக ஓடிவிட்டது. இனி எப்போதும் இப்படித்தான் என்றதும் டீச்சர் புரதத்தைப் பற்றி யோசித்தாள். காலையில் புட்டும் கடலையும். மதியம் சோறு, பருப்பு, சக்கைக்குருவும் மாங்காயும். இரவு கஞ்சியும் வன்பயறும். இடையில் சோயா உருண்டை. மரச்சீனிக் கிழங்கு அவித்தால் அதற்குத் துணை முன்பு மீன். இப்போது மறுபடியும் கடலை. போதாததற்கு அது சக்கைக் காலம். எங்கள் வீட்டுப் பிலாவில் அந்த வருடம் காய்ப்பு அதிகம். சக்கை அவியலாக வந்தது, எரிசேரியாக வந்தது, குரு மெழுக்குவரட்டியாக வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் ஊர் முழுக்க இறைச்சிக்குத் திரும்பிவிட, ஊரார் சக்கையையெல்லாம் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தள்ளினார்கள். “உங்களுக்குத்தானே இப்ப இதெல்லாம்” என்பார்கள்.

இன்னொன்று. கடலையோ பயறோ ஊறவைத்தால், ஊறின தண்ணீரைக் கீழே கொட்ட என் மனைவி சம்மதிக்க மாட்டாள். “சத்தெல்லாம் அந்த வெள்ளத்துலயாக்கும். இத்தன வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது பொய்யா?” என்பாள். அந்தத் தண்ணீரிலேயே வேகும்.

அந்த வாரமே தொடங்கிவிட்டது. முதலில் வயிறு மதியத்துக்குப் பிறகு செண்டை மேளம் மாதிரி விம்மும். பிறகு உள்ளே ஏதோ மரச்சாமான் இழுத்துப் போடுவது போல் சத்தம். மாலையில் மீதி. வலி என்று பெரிதாக இல்லை. வேட்டியைத் தளர்த்திக் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கும்போது சரியாகாது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அதே கடலையைத்தான் அவளும் தின்றாள், கல்லைத் தின்றாலும் கரைந்துவிடும் உடம்பு அது.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று மாலை அவள் தன் தங்கையிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. “அவருக்கு ஒத்துக்கல்லேன்னா நானும் விட்டிருவேன். அவரு வயறு வாடி எனக்கு ஒரு கொள்கையும் வேண்டாம்.”

வாடுவது என் பிரச்சினை இல்லை. நேர் எதிர். ஆனால் பொருள் ஒன்றுதான். என் குடல் காரணமாக அவள் முடிவு கவிழ்ந்துவிடும். அதனால் மறைத்தேன்.

மறைப்பதற்கும் ஒரு நடைமுறை தானாக உருவானது. சாப்பிட்டவுடன் எழுந்து வெளியே போய்விடுவேன். டிவியில் செய்தியைச் சத்தமாக வைப்பேன். ஆலயத்தில் என் இடம் இரண்டாம் பெஞ்சு. அங்கிருந்து கதவோரத்துக் கடைசிப் பெஞ்சுக்கு நானே என்னை இடமாற்றம் செய்துகொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரையில் நடப்பேன். அங்கே ஒரு மாலை பக்கத்து வீட்டுக்காரர் பசுவுக்குப் புல்லறுத்துக்கொண்டு எதிரே வந்தார்.

“என்ன சாரே, இப்ப நடப்பெல்லாம் உண்டு?”

“டாக்டர் சொன்னாரு.”

“நடக்கதுக்குத்தானே சொன்னாரு? நீங்க பத்தடிக்கு ஒருக்கா நின்னு சுத்தியும் பாக்கீங்களே.” அவர் அரிவாளைப் புல்கட்டில் சொருகிவிட்டுச் சிரித்தார். “கேஸு கேறியிருக்கு. எனக்குத் தெரியும் சாரே. இருபத்தஞ்சு பேரு நின்னு போற வண்டியில எழுபது பேர ஏத்தினவனாக்கும் நான். ஆளு மொகத்தப் பாத்தாத் தெரியும்.”

ஒத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன்.

“இதுக்கென்ன இத்தன ரகசியம்? ஒரு கிளாஸ் சம்பாரம் அடிச்சா தீருற காரியம். இஞ்சி, காந்தாரி, கறிவேப்பில, காயம், நல்ல மோரு.”

“மோரு பாலுல இருந்துதானே வருது.”

“பின்ன தென்னையில இருந்தா வரும்?”

“அதான் ஒக்காது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சாரே, புல்லு மட்டும் தின்னுற எனக்க பசுவுக்கே வயறு வீங்கும். பின்ன மனுசனுக்குச் சொல்லணுமா?”

எங்கள் ஊரில் வாயுவுக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் கிடையாது. ஆனால் எந்த வைத்தியத்தை எடுத்தாலும் அதற்குள் ஒரு பசுவோ தேனீயோ உட்கார்ந்திருந்தது. மோர். நெய்யில் வறுத்த காயம். வைத்தியசாலையில் கேட்ட லேகியத்தில் நெய்யும் உண்டு, தேனும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கடைசியில் தன் பசுவுக்குக் கொடுப்பதையே கொண்டுவந்தார். இஞ்சி, அயமோதகம் என்கிற ஓமம், காயம் மூன்றையும் இடித்து வாழையிலையில் பொதிந்து மதில் மேல் வைத்தார். இதில் பால் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை, கொடுக்கப்படுகிற ஆள் மட்டும்தான் பால் சம்பந்தப்பட்டவள் என்றார். அளவும் பசுவின் அளவுதான் என்பதை வாயில் போட்ட பிறகு தெரிந்துகொண்டேன். கண்ணில் நீர் வந்தது, காதில் சூடு வந்தது. ஏப்பம் வந்தது. மறுநாள் மதியம் கடலை வந்தது, பழைய நிலை திரும்பியது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டு ஜெபம் உண்டு. ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. எங்கள் முறை வந்தபோது அவள் மரச்சீனி அவித்து, கடலைக்கறி வைத்து, காந்தாரிச் சம்மந்தி அரைத்தாள். ருசி பார்க்கச் சொல்லி மதியமே எனக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள். மாலையில் முன்னறை நிறைந்துவிட்டது. நான் வாசலோரமாக நாற்காலி போட்டிருந்தேன். போதகர் பார்த்துவிட்டார்.

“வீட்டுக்காரரு அங்க போயி இருக்கதா? முன்னால வாருங்க சாரே.”

முன்னால் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு வரை பயமில்லை. வேதவாசிப்பும் கடந்துபோனது. பிறகு போதகர், எல்லோரும் கண்களை மூடிச் சிறிது நேரம் மௌனமாக ஜெபிப்போம் என்றார்.

அந்த மௌனத்தில் நடந்ததைப் பற்றி, அது குறுகியதாக இருக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். தொடங்கியது, நின்றது, நின்றுவிட்டது என்று நான் நம்பியபோது மீண்டும் தொடங்கி முடிந்தது. ஒரு மூதாட்டி கருணையோடு இருமினார். போதகர் வரிசையில் இல்லாத ஒரு பாட்டைத் திடீரென்று எடுத்தார், அதுவும் மேல்சுருதியில். சபையார் அவ்வளவு உற்சாகமாகப் பாடி நான் கேட்டதில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது பாடகர் குழுத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கடலை நல்லா இருந்து, கேட்டியளா சாரே.”

என் மனைவி பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. கொடம்புளி, மிளகாய், தேங்காய் எண்ணெய், மீன். பொழியூரிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் பெண் ஈஸ்டருக்குப் பிறகும் தினமும் எங்கள் கேட்டில் நிறுத்தி, “டீச்சரே, இன்னும் நோம்பு தீரல்லியா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அன்று நின்று, பெட்டியைத் திறந்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பரணில் கிடந்த மீன்சட்டி அடுப்பில் இருந்தது.

“இது என்ன?”

“சாளை.”

“யாருக்கு?”

“உங்களுக்கு. எனக்கும்தான். நேத்தே தீருமானிச்சாச்சு.”

“எதுக்கு?”

“நாலு பேருக்கு முன்னால நீங்க தலை குனிஞ்சு இருந்தத நான் பாத்தேன்லா.”

“ஜெபத்துல எல்லாரும் தலை குனிஞ்சுதான் இருப்பாவ.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று இருந்தவள். உடனே திரும்பிக்கொண்டு இரண்டு தட்டில் மரச்சீனி வைத்து, மீன் வைத்தாள். எதிரெதிராக உட்கார்ந்தோம். அவள் ஒரு துண்டு மீனைக் கிள்ளி எடுத்தாள். ஊதினாள். சூடாக இருக்கிறது என்று திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்து, மறுபடி ஊதினாள். அந்த மீன் ஆறி நேரமாகியிருந்தது. கறி மிக நன்றாக இருந்திருக்கும் என்பது வாசனையிலேயே தெரிந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“உனக்கு எறங்காத மீன் எனக்கும் வேண்டாம்.”

மீன்கறி சட்டியோடு மதிலுக்கு அந்தப் பக்கம் போனது. மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் கழுவித் துடைத்த சட்டியைத் திருப்பிக் கொடுத்தார். “இனியும் டீச்சருக்க கொள்கைக்கு எதாவது தடங்கல் வந்தா, என்ன ஒண்ணு விளிச்சாப் போரும்” என்றார்.

அன்று சாயங்காலம் நான் அவளிடம் நேராகவே கேட்டேன். “எனக்க வயத்த விடு. அத நான் பாத்துக்கிடுதேன். உனக்கு என்ன வேணும்? இத தொடரணுமா, விடணுமா?”

“பாக்கலாம்” என்றாள்.

தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு குடிமகன் கேட்ட கேள்விக்கு முப்பது நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மேல் அதிகாரியிடம் முறையீடு செய்யலாம். வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பொருந்தினாலும் அவளுக்கு மேல் அதிகாரி யாரும் இல்லை. பார்க்கலாம் என்ற சொல்லை நானே எத்தனையோ விண்ணப்பங்களின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவருக்கே இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

மீன்சட்டி பரணுக்குத் திரும்பவில்லை. அடுக்களை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி மீனும் வாங்கவில்லை. பயறு, கடலை எல்லாம் கடையிலிருந்து கால் கிலோ பொட்டலமாக வரத் தொடங்கின. அதற்கு முன்பு எங்கள் வீட்டில் எதுவும் அப்படி வந்ததில்லை; வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, காயவைத்து, டின்னில் அடைப்பது அவள் வழக்கம். திட்டத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று தெரியாத அலுவலகம்தான் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும்.

ஆக, நான் வயிற்றைக் கவனித்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் இளம் பெண். எடை குறைந்ததா, ரத்தம் போகிறதா, ராத்திரி வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். காலையிலிருந்து இரவு வரை சொன்னேன். சக்கைக்குருவுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை பயறையும் ஒரேயடியாக யார் தொடங்கச் சொன்னது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் குடல் பழகியிருக்கும் என்றார். அப்போதுதான் ஜாய்னிங் டைம் என் நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போயிற்று.

“சாப்பிட எவ்வளவு நேரம் எடுக்கும்?” என்று மலையாளத்தில் கேட்டார்.

பணிக்காலம் முழுவதும் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காலைப் பாசஞ்சர் ரயிலில் போனவன் நான். புட்டை உருட்டி வாயில் போட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவது என் வழக்கம். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் செருப்பு மட்டும்தான் நின்றிருக்கிறது, உருட்டிப் போடுவது நிற்கவில்லை. விழுங்கும்போது சாப்பாட்டோடு காற்றையும் விழுங்குகிறேன் என்றார் அவர்.

“சாறே, டிரெயின் போயி. இனி பதுக்கெ கழிச்சால் மதி.”

ரயில் போய்விட்டது, இனி மெதுவாகச் சாப்பிட்டால் போதும். பி12 வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மீனும் பாலும் இல்லாதவர்களுக்கு அது தேவையாம். வலி வந்தாலோ எடை குறைந்தாலோ காத்திருக்காமல் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வயிற்றுக்கு முறைப்படி அவகாசம் கொடுத்தேன். பயறு வகை ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும், அதுவும் முதலில் இரண்டு கரண்டி. தொல்லை இல்லையென்றால் அடுத்த வாரம் இன்னொரு கரண்டி. சோயா உருண்டை பணியிடை நீக்கம். சக்கைக்குருவுக்கு வாரம் ஒரு முறை ஆஜராக அனுமதி. குடிக்க ஜீரக வெள்ளம். கறியில் இஞ்சியும் காயமும் தாராளமாக, ஆனால் மனிதனின் அளவில். இரவுக் கஞ்சி இருட்டுவதற்கு முன்பே. ஒவ்வொரு வாயையும் மென்று முடிக்கும் வரை கையைத் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளப் பழகினேன். முதல் சில நாள் யாரோ என்னை அலுவலக வரவேற்பறையில் காக்க வைத்த மாதிரி இருந்தது. பிறகு கடலைக்கு ஒரு ருசி இருப்பது தெரிந்தது.

ஊறின தண்ணீர் விஷயத்தில் மட்டும் பேச்சுவார்த்தை முறிந்தது.

“அத கொட்டிட்டு வேற வெள்ளத்துல வேக வைக்கணும்னு டாக்டர் சொல்லுதாங்க.”

“சத்து போவும்.”

“சத்தோட சேந்து வேற ஒண்ணும் போவும்.”

“நான் படிப்பிச்ச பாடத்த எனக்கே படிப்பிக்க வாறீங்களா?” என்றாள்.

அதன் பிறகு ஊறவைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். விடியற்காலையில் அவள் அடுக்களைக்கு வருவதற்கு முன் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடி மூட்டில் கொட்டிவிட்டு, புதிய தண்ணீர் ஊற்றி, பழைய தண்ணீர் மாதிரியே வைத்துவிடுவேன். அவளுக்குத் தெரியும். “இந்தக் கறிவேப்பில இப்ப என்னா வளர்ச்சி! சத்துள்ள சாப்பாடாக்கும் அதுக்கு” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. சட்டி ஜன்னல் திட்டிலேயே இருந்தது.

மழைக்காலம் வந்தது. சக்கைக்காலம் முடிந்தது, அதுவும் உதவியிருக்கலாம், எல்லாப் புண்ணியத்தையும் என் ஒழுங்குக்கே எழுதிக்கொள்ள முடியாது. செண்டை விம்முவது குறைந்தது. மரச்சாமான் இழுக்கும் சத்தம் எப்போதாவது மட்டும். இரண்டு கரண்டி நாலாகி, ஒரு கிண்ணமானது. ஓணத்துக்குப் பக்கத்து வீட்டில் சத்யை, அதாவது ஓண விருந்து. பருப்பு, சாம்பார், பாயசம் எல்லாம் அவர் எங்களுக்காகத் தனியாகத் தேங்காய் எண்ணெயிலும் தேங்காய்ப்பாலிலும் செய்ய வைத்திருந்தார். கடைசியில் எல்லா இலைக்கும் மோர் ஊற்றிக்கொண்டு வந்தவர், என் இலைக்கு நேரே வந்ததும் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாண்டிப் போனார்.

“சாருக்கு இது விலக்கப்பட்ட கனியாக்கும்” என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னார்.

சாப்பிட்டு எழுந்து அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சானல் கரைக்குப் போகவில்லை. அவள் எதிரே பெண்களோடு இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் இரண்டாம் பெஞ்சுக்குத் திரும்பினேன். போதகர் பிரசங்க மேடையிலிருந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அன்றைக்கு மௌன ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கமாகவே முடித்தார். அந்த முன்னெச்சரிக்கையில் குற்றம் சொல்ல முடியாது.

தொல்லை முழுதாகப் போய்விடவில்லை. முட்டைக்கோஸ் இன்றைக்கும் எனக்கு எதிரிதான். வாயு எல்லோருக்கும் உண்டு. மீன் தின்ற நாட்களில் எனக்கும் இருந்திருக்கும், எண்ணிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அவளுடைய முடிவைக் கவிழ்க்கிற அளவுக்கு இப்போது இல்லை. இதை நான் சொல்லிப் பயனில்லை. அவள் சொல்ல வேண்டும். அவள் கால் கிலோ பொட்டலங்களையே வாங்கிக்கொண்டிருந்தாள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று சபையார் தங்கள் தோட்டத்தில் விளைந்ததை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏத்தன் வாழைக்குலை, தேங்காய், காச்சில், சேனை, முட்டை, கோழி. ஏலத்துக்கு எந்த மதம் என்றும் கணக்கில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வருடம் தவறாமல் ஒரு நாட்டுச் சேவல் வரும். என் மனைவிதான் கேட்பாள், விட்டுக்கொடுக்கவே மாட்டாள். அன்று மதியம் அதுதான் கறி. ஊருக்கே தெரிந்த விஷயம்.

ஏலம் விடுகிறவர் சிவந்த கொண்டைச் சேவல் ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கியதும், வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினார்.

“டீச்சரே, நம்ம ஆளு வந்தாச்சு. தொடங்கட்டா?”

பந்தல் முழுவதும் அவளைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். சேவல் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போனது. அது மட்டும் என்றால் பதில் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றை வாங்காமல் இருப்பதும் பார்க்கலாம் வகைதான்.

கடைசியில் யாரும் கவனிக்காத ஒரு சாக்கு வந்தது. காரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கொண்டுவந்த வன்பயறு. ஒரு சாக்கு நிறைய. அவ்வளவு பயறு யாருக்கு வேண்டும்? ஏலம் விடுகிறவர் ஒருதரம் என்றார், யாரும் வாய் திறக்கவில்லை. ஆட்கள் செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். அப்போது என் மனைவி கையைத் தூக்கினாள்.

பாடகர் குழுத் தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி எழுந்தே நின்றுவிட்டார்.

“டீச்சரே! ஒரு சாக்கா? சாருக்க காரியம் ஓர்மை உண்டா?”

“அவருக்கு இப்ப ஒண்ணும் இல்ல” என்றாள் அவள், பந்தலுக்கே கேட்கும்படி. “எங்களுக்கு ஒரு வருசத்துக்கு வேணும்.”

போட்டிக்கு ஆள் இல்லை. மூன்றுதரம் சொல்லி முடித்துவிட்டார்கள். சாக்கைப் பிடித்து ஆட்டோவில் ஏற்ற நான் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம், நடுவில் சேவல். வீட்டு வாசலில் இறக்கியதும் அவள் சாக்கின் வாயைப் பிரித்து ஒரு கை பயறை அள்ளிப் பார்த்தாள். பூச்சி இல்லை.

“நாளைக்கு இதுல கொஞ்சம் ஊறப் போடுங்க,” என்றாள் என்னிடம். “அந்த வெள்ளத்தக் கொட்டிறணும், கேட்டீங்களா? இனி இருட்டுல வந்து ஒளிச்சுக் கொட்டாண்டாம்.”

உள்ளே போனாள். பரண் கதவு திறக்கும் சத்தமும், மண்சட்டி ஒன்று உள்ளே தள்ளி வைக்கப்படும் சத்தமும் கேட்டன.

கேள்வி கேட்டது ஈஸ்டருக்குப் பிறகு, சக்கைக்காலத்தில். பதில் கிடைத்தது அறுப்பின் பண்டிகை ஞாயிறு, மதியம்.